முனைவர் பட்டத் தகுதித் தேர்வு: நூற்றிருபது நூல்களையும் எந்த முறையில் படிப்பது?

சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. வகுப்புகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆய்வேட்டைத் தொடங்க அனுமதி கிடைப்பதற்கு முன்னால் எழுத வேண்டிய தகுதித் தேர்வுக்கு இன்னும் பத்து மாதங்கள் இருக்கின்றன. எழுத்துத் தாள்கள் இரண்டு. அவற்றுக்குப் பிறகு மூன்று பேராசிரியர்கள் முன்னிலையில் இரண்டு மணி நேர வாய்மொழித் தேர்வு. முதல் தாளுக்கு 1500 முதல் 1700 வரையிலான கவிதையும் நாடகமும், இரண்டாம் தாளுக்கு 1780 முதல் 1850 வரையிலான கவிதையும் உரைநடையும் பாடம். வாய்மொழித் தேர்வில் இவ்விரண்டோடு திறனாய்வுக் கோட்பாடும் சேர்ந்துகொள்ளும். மூன்று பட்டியல்களையும் கூட்டினால் நூற்றிருபது நூல்கள் வருகின்றன.

இரண்டு மாதங்களாகப் பட்டியலின் தொடக்கத்திலிருந்து வரிசை மாறாமல் படித்து வருகிறேன். இதுவரை பத்தொன்பது நூல்களை முடித்திருக்கிறேன். போன வாரம் உடன் படிக்கும் தோழி ஒருவர், "கவிஞன் எதையும் உண்மையென்று நிலைநாட்டுவதில்லை, ஆகவே அவன் பொய் சொல்வதே இல்லை என்று சர் பிலிப் சிட்னி எழுதுகிறாரே, அந்த வாதம் கவிதைக்காக வாதாடும் அவருடைய கட்டுரையில் எந்த இடத்தில், எதற்கு மறுமொழியாக வருகிறது?" என்று கேட்டபோது என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. எடுத்துத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் பென்சில் கோடு. அந்த வரியின் கீழேயே இரண்டு கோடுகள் இருந்தன. மீதி நூற்றொரு நூல்களையும் இப்படியே படித்தால் தேர்வறையில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சம் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டுவிட்டது.

மூலநூல்களை முடித்த பிறகுதான் திறனாய்வு நூல்களுக்குப் போக வேண்டுமா, இரண்டையும் கூடவே படிக்க வேண்டுமா? குறிப்பெடுக்க உங்களுக்குக் கைகொடுத்த முறை எது? இந்தத் தேர்வை எழுதியவர்களும் நடத்தியவர்களும் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பழையமேசை எழுதியது:

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பட்டியலை வரிசையாகப் படிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது காலவரிசையில் அமைந்திருப்பது தேடி எடுப்பதற்கு வசதியாகத்தானே தவிர, அந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதற்காக அன்று. "இந்த நூலில் என்ன இருக்கிறது?" என்று எந்தத் தேர்வாளரும் கேட்பது அரிது. நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று நம்பித்தான் நாங்கள் பேச்சைத் தொடங்குகிறோம். ஒரு நூலைச் சொன்னால் அதனோடு வேறு எந்த நூல்கள் உங்கள் நினைவில் எழுகின்றன, அவை ஏன் எழுகின்றன என்பதுதான் நாங்கள் அறிய விரும்புவது.

உங்கள் இரண்டு தாள்களுக்கும் நடுவே எண்பது ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் இணைக்கும் கீலாக மில்ட்டன் நிற்கிறார். ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைப் பாடும் அவருடைய காவியமான 'பாரடைஸ் லாஸ்ட்' 1667-இல் பத்துக் காண்டங்களாக வெளிவந்து, 1674-இல் பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதைப் படித்துவிட்டு அடுத்த நூலுக்குப் போகாமல், உங்கள் இரண்டாம் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மில்ட்டன் தன்னையறியாமல் சாத்தானின் கட்சியில் இருந்தார் என்று கவிஞர் பிளேக் எழுதுகிறார். மேரி ஷெல்லி 1818-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை வெளியிடும்போது, தன்னைப் படைத்தவனிடம் ஆதாம் முறையிடும் மூன்று வரிகளை மில்ட்டனிலிருந்து எடுத்து முகப்பிலேயே வைக்கிறார். நாவலுக்குள் ஃபிராங்கன்ஸ்டைன் என்பவர் உருவாக்கிய படைப்புயிர் அதே காவியத்தைக் கண்டெடுத்துப் படிக்கிறது. கீட்ஸ் 1819-இல் தன் 'ஹைப்பீரியன்' முயற்சியைக் கைவிட்டதற்கு, அதில் மில்ட்டன் பாணியில் சொல்வரிசையை முன்பின்னாக மாற்றும் இடங்கள் மிகுந்துவிட்டன என்று காரணம் சொல்கிறார். ஒரே ஒரு நூலை ஊன்றிப் படித்ததில் நான்கைந்து நூல்களுக்கு வாசல் திறந்துவிட்டது.

நான் பலமுறை கேட்ட கேள்வி ஒன்றையும் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கொடிகட்டிப் பறந்த சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதை வடிவம், 1660-க்குப் பிறகு ஏறத்தாழ வழக்கொழிந்து போகிறது; பிறகு ஏன் அது திரும்பி வந்தது? இதற்கு விடை சொல்லப் புகுந்தால், 1591-இல் அச்சான சிட்னியின் சானெட் கோவை, 1609-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள், காதலை விட்டு அரசியலுக்கும் தன் பார்வையிழப்புக்கும் அந்த வடிவத்தைத் திருப்பிய மில்ட்டன், 1784-இல் துயரச் சானெட்டுகளை வெளியிட்டு அதற்கு மறுவாழ்வு கொடுத்த சார்லட் ஸ்மித், 1802-ஆம் ஆண்டு மே மாதத்தில் தங்கை டாரதி மில்ட்டனின் சானெட்டுகளைப் படித்துக் காட்டக் கேட்டுத் தானும் எழுதத் தொடங்கிய வேர்ட்ஸ்வொர்த் என்று உங்கள் இரண்டு பட்டியல்களும் ஒரே பதிலுக்குள் வந்து சேர்ந்துவிடும். இதைப் போன்ற கீல்கள் ஐந்தோ ஆறோ கண்டுபிடித்தால் போதும். ஸ்பென்சர் 1579-இல் எழுதிய மேய்ச்சல் நிலப் பாடல்களிலிருந்து, வேர்ட்ஸ்வொர்த் 1800-இல் அதே வகைப் பெயரைத் துணைத் தலைப்பாகச் சூட்டிய 'மைக்கேல்' வரை ஒன்று. மேடைக்காகவே எழுதிய மார்லோவிலிருந்து, மேடையேற்றும் எண்ணமின்றி நாடகம் எழுதிய பைரன், ஷெல்லி வரை இன்னொன்று. மற்றவற்றை நீங்களே தேடுங்கள். தேடுவதுதான் தயாரிப்பின் பெரும்பகுதி.

கால அளவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஏழாவது மாதத்துக்குப் பிறகு புதிய நூல் எதையும் தொடாதீர்கள். நூற்றிருபதில் நாற்பதை ஆழமாகவும், மற்றவற்றை எதைத் தேடிப் படிக்கிறோம் என்ற தெளிவோடும் படியுங்கள். அதை நுனிப்புல் மேய்வதென்று எண்ணிக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். எல்லா நூல்களையும் ஒரே ஆழத்தில் படித்தவர் என்று நான் கண்ட எவரும் இல்லை.

இரண்டாம்முறை எழுதியது:

நான் இந்தத் தேர்வில் முதல் முறை தோற்றவன். ஏன் தோற்றேன் என்பதை மறைக்காமல் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் உங்களுக்கு நேர்மாறாகப் படித்தேன். மூலநூல்களை ஏற்கெனவே படித்தாயிற்று என்ற நினைப்பில், அவற்றைப் பற்றிய திறனாய்வு நூல்களையே மாதக்கணக்கில் படித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் முதல் பதினாறு வரிகள் அச்சிட்ட தாளை என் பக்கம் நகர்த்தி, உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "இந்த வாக்கியத்தின் வினைச்சொல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் காவியத்தைப் பற்றி மூன்று முழு நூல்களைப் படித்திருந்த நான், தாளின் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னார்கள். அந்த முடிவு சரியானது என்று அன்றே எனக்குத் தெரிந்தது.

அந்த வினை ஆறாவது வரியின் முதல் சொல்: பாடு என்று கலைத்தெய்வத்தை நோக்கி விடுக்கும் கட்டளை. மனிதனின் முதல் மீறல், விலக்கப்பட்ட மரத்தின் கனி, உலகுக்கு வந்த சாவு, இழந்த ஏதேன், அதை மீட்க வரும் ஒருவர் என ஐந்து வரிகள் அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்து நிற்கின்றன. வினைமுற்று கடைசியில் வருவதற்குப் பழகிய தமிழ்க் காதுக்கு அந்தக் காத்திருப்பு இயல்பாகவே படுகிறது. அதனாலேயே ஆங்கில வாக்கியத்துக்கு அது எவ்வளவு வலிந்த ஏற்பாடு என்பதை நான் கவனிக்கத் தவறினேன். முதல் வரியின் இறுதியில் நிற்கும் சொல்லையும் பாருங்கள். அந்த வரி முடியும் இடத்தில் அதற்கு 'பலன்' என்று பொருள் தோன்றுகிறது; அடுத்த வரியில் மரம் வந்ததும் அது 'பழம்' ஆகிவிடுகிறது. தமிழில் இரண்டு சொற்கள் வேண்டியிருக்கும் இடத்தில், வரி முறியும் இடத்தைக் கொண்டே மில்ட்டன் ஒரு சொல்லை இரண்டாக்கிவிடுகிறார். இவ்வளவும் நான் படித்த மூன்று நூல்களில் ஏதோ ஒன்றில் இருந்திருக்கலாம். என் கண்ணால் நானே கண்டிராததால், கேட்ட நேரத்தில் அது என்னிடம் இல்லை.

அடுத்த ஆறு மாதமும் காலையில் முதல் வேலையாக ஒரு கவிதைப் பகுதியை, இருபது வரிகளுக்கு மிகாமல், மூன்று முறை உரக்கப் படித்தேன். அசை எங்கே அழுந்துகிறது, வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் யாரிடம் பேசுகிறார் என்பதைக் கையால் எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகே வேறு எதையும் திறப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

குறிப்பெடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடிக்கோடு போடுவதைக் குறிப்பு என்று எண்ணாதீர்கள். நூலைப் படித்து முடித்த மறுநாள், அதை மூடி வைத்துவிட்டு, ஒரே ஒரு தாளில் நினைவிலிருந்து மட்டும் எழுதுங்கள். எழுத வராத இடங்கள்தான் நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய இடங்கள். எடுத்துக்காட்டாக, 'கிங் லியர்' நாடகத்துக்கு நான் எழுதிய தாளில் கதைச்சுருக்கம் இல்லை. தனி நூலாக வந்த 1608-இன் குவார்ட்டோ பதிப்பும், ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுப்பில் வந்த 1623-இன் ஃபோலியோ பதிப்பும் வேறுபடுகின்றன. லியர் தன் மகள்களை விசாரிப்பதாகப் பாவனை செய்யும் காட்சி குவார்ட்டோவில் மட்டுமே இருக்கிறது. நாடகத்தின் கடைசி வரிகளைக் குவார்ட்டோவில் ஆல்பனி பேசுகிறான், ஃபோலியோவில் எட்கர் பேசுகிறான் என்று எழுதிவிட்டு, கடைசிச் சொல் மன்னனின் மருமகனுக்குப் போகும்போதும் இளைஞனான எட்கருக்குப் போகும்போதும் ஆட்சியைப் பற்றி நாடகம் சொல்வது எப்படி மாறுகிறது என்ற கேள்வியை அதன் கீழே வைத்தேன். பாடபேதங்களை உரையாசிரியர்களின் வழியே அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆங்கில நூல்களுக்கு வரும்போது மட்டும் ஏனோ கையிலிருக்கும் பதிப்பே மூலம் என்று நம்பிவிடுகிறோம். அந்தத் தாளின் அடிப்பகுதியில், மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஏழெட்டு வரிகளும், நான் உடன்படாத ஒரு திறனாய்வாளரின் கருத்தும் இருக்கும். இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது என்னிடம் எண்பத்திரண்டு தாள்கள் இருந்தன. கடைசி வாரத்தில் அவற்றைத் தவிர வேறு எதையும் நான் படிக்கவில்லை.

எழுத்துத் தாளுக்கு மூன்று மணி நேரம் என்றால், தேர்வுக்கு முன்னால் ஐந்தாறு முறையாவது நூலில்லாமல், கடிகாரத்தை எதிரில் வைத்து முழுத் தாளையும் எழுதிப் பாருங்கள். கையும் மனமும் அந்த நேரத்துக்குப் பழக வேண்டும்.

ஓரக்குறிப்பு எழுதியது:

பழையமேசை அவர்கள் சொன்ன கீல் என்ற உவமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் அதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மில்ட்டனை நடுவில் நிறுத்திப் பட்டியலைப் பார்த்தால், மில்ட்டனுக்குப் பிறகு வந்தவர்கள் மட்டுமே கண்ணில் படுவார்கள். 'பாரடைஸ் லாஸ்ட்' வெளிவருவதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1611-இல், எமிலியா லானியர் தன் கவிதை நூலில் ஏவாளுக்காக வாதாடியிருக்கிறார். அந்த வாதத்தை, கிறிஸ்துவுக்கு மரண தண்டனை விதித்த ஆளுநர் பிலாத்துவின் மனைவியின் வாயில் வைத்து, அறியாமையால் ஏவாள் செய்த பிழையைவிட, வலிமையுள்ளவனாக இருந்தும் கனியை வாங்கிய ஆதாமின் பிழை பெரிது, கிறிஸ்துவைக் கொல்லத் துணிந்த ஆண்களின் பிழை அதைவிடப் பெரிது என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிறார். இதைப் படித்துவிட்டு மில்ட்டனின் ஒன்பதாம் காண்டத்துக்குப் போனால், அங்கே ஏவாள் தனியாக வேலை செய்யப் புறப்படும் காட்சி வேறு விதமாகத் தெரியும். சானெட் கேள்விக்கும் இதே குறையைச் சொல்வேன்: சிட்னியின் தம்பி மகளான மேரி ராத் 1621-இல் வெளியிட்ட சானெட் கோவையில் காதலிப்பவளே பேசுகிறாள். அதை விட்டுவிட்டுச் சிட்னியிலிருந்து மில்ட்டனுக்குத் தாவினால், சார்லட் ஸ்மித் எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவரைப் போலத் தோன்றுவார்.

கோட்பாட்டுப் பட்டியலைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அதைத் தனிப் பாடமாகப் படிக்காதீர்கள். சுருக்க நூல்களின் வழியே அறவே படிக்காதீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள ஓர் இலக்கியப் படைப்பை ஒரு கோட்பாட்டாளர் எடுத்துப் பேசும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் ஒரே வாரத்தில் படியுங்கள். ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில், கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் தோட்டம் வைத்திருக்கும் சர் தாமஸிடம் ஃபேனி அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாகவும், அறையில் ஒரே மௌனம் நிலவியதாகவும் ஓரிடத்தில் வருகிறது. நாவல் வெளிவந்தது 1814-இல்; பிரிட்டன் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடை செய்தது 1807-இல். எட்வர்ட் சையத் 1993-இல் வெளியிட்ட நூலில் அந்த நாவலை எப்படிப் படிக்கிறார் என்பதை, அந்த மௌனத்தை நீங்களே ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், பின்காலனியத் திறனாய்வு என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய வரையறையாக இராது. அவர் அந்த மௌனத்துக்குத் தரும் விளக்கம் போதுமானதா என்று அவரோடு வழக்காடவும் உங்களால் முடியும்.

காயத்ரி ஸ்பிவாக்கின் 1985-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று 'ஜேன் ஐயர்', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. இரண்டும் உங்கள் காலகட்டத்துக்குள் வருபவை. சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் கூபரும் 1979-இல் எழுதிய நூல், 'ஃபிராங்கன்ஸ்டைன்' மில்ட்டனை ஒரு பெண் திருப்பி எழுதிய கதை என்று வாதிடுகிறது. இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். திறனாய்வை மூலத்துக்கு முன்னாலா பின்னாலா படிப்பது என்று கேட்டிருந்தீர்கள்: மூலத்தைப் படித்து, உங்கள் ஒரு தாளை எழுதிய பிறகு, ஆனால் அதே வாரத்துக்குள்.

புதுவரவு எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் முனைவர் பட்டத்தில் சேரவே இல்லை. விண்ணப்பத்தோடு தர வேண்டிய ஆய்வு முன்மொழிவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். 'ரொமான்டிக் கவிதைகளில் இயற்கை' என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். இது போதுமா என்று யாராவது சொல்ல முடியுமா?

சுவடி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வரிசையைக் கலைத்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வேர்ட்ஸ்வொர்த்தின் தன்வரலாற்று நெடுங்கவிதையான 'தி ப்ரெல்யூட்' என் பட்டியலில் ஆண்டு குறிப்பிடப்படாமல் இருக்கிறது. நூலகத்தில் 1805, 1850 என்று இரண்டு வடிவங்களும் கிடைக்கின்றன. எதைப் படிப்பது? இன்னொன்று, ஆங்கிலத்தில் எழுதும்போது எனக்குத் தடுமாற்றம் இல்லை. பேசும்போது, நீண்ட வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முடிக்கத் தெரியாமல் பாதியில் நின்றுவிடுகிறேன். இரண்டு மணி நேர வாய்மொழித் தேர்வை எண்ணினாலே கலக்கமாக இருக்கிறது.

இரண்டாம்முறை எழுதியது:

பேச்சைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கும் இதே சிக்கல் இருந்தது. முழு விடையையும் மனத்தில் கட்டி முடித்துவிட்டுப் பேச முயன்றதுதான் என் தவறு. நெறியாளர் எனக்குக் கற்றுத் தந்தது எளிய வழி: கேள்வி வந்ததும், முதல் வாக்கியத்தில் ஒரு நூலின் பெயரையும் அதில் ஓரிடத்தையும் சொல்லிவிடுவது. "லியர் புயலில் நிற்கும் காட்சியிலிருந்து தொடங்குகிறேன்" என்று சொன்ன உடனே காலூன்ற ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அடுத்த வாக்கியம் அந்தக் காட்சியிலிருந்தே வரும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால், வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். தேர்வாளர்கள் மௌனத்தைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. விடை தெரியாமல் சுற்றி வளைப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை, உடன் படிப்பவர் யாராவது உங்கள் தாள்களில் ஒன்றை உருவி எடுத்துக் கேள்வி கேட்க, நீங்கள் பத்து நிமிடம் பேசுங்கள். உங்களைச் சிட்னி பற்றிக் கேட்ட தோழியைவிட இதற்குப் பொருத்தமானவர் வேறு யாரும் இருக்க முடியாது.

பழையமேசை எழுதியது:

ஓரக்குறிப்பு அவர்களின் திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். லானியரை நான் குறிப்பிடாதது பிழைதான்.

சுவடி, 1805 வடிவத்தை முழுமையாகப் படியுங்கள். அது பதின்மூன்று பாகங்கள் கொண்டது. 1850 வடிவம் பதினான்கு. ஆனால் தேர்வில் பேசும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். வேர்ட்ஸ்வொர்த் 1850 ஏப்ரலில் இறந்து, சில மாதங்களில் அச்சான வடிவத்தைத்தான் விக்டோரிய வாசகர்கள் படித்தார்கள். 1805 வடிவம் 1926 வரை அச்சேறவில்லை. கவிஞரே படித்துக் காட்ட 1807-இன் தொடக்கத்தில் கோல்ரிட்ஜ் அதைக் கேட்டார். கீட்ஸும் ஷெல்லியும் எந்த வடிவத்தையும் படித்ததில்லை. ஆகவே 'தி ப்ரெல்யூட்' கீட்ஸின் மேல் செலுத்திய தாக்கம் என்று ஒரு வாக்கியத்தைத் தவறிப்போய்க்கூட எழுதிவிட வேண்டாம். அப்படி எழுதிய தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். இரண்டு வடிவங்களையும் ஒப்பிட ஓரிடம் போதுமென்றால், 1850-இன் ஏழாம் பாகத்தில் எட்மண்ட் பர்க்கை மேதை என்று விளித்து மன்னிப்புக் கேட்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1805-இல் அந்தப் பகுதி இல்லை. பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடிய இளைஞன், அதைக் கடுமையாக எதிர்த்தவரைப் பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதைக்குள் அழைத்துவந்து உட்கார வைக்கிறான். நினைவைத் திருத்தி எழுதுவது என்பதைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்பும் அனைத்துக்கும் அந்தச் சில வரிகள் சான்றாக நிற்கும்.

புதுவரவு, உங்கள் தலைப்பு இப்போதைக்கு ஒரு துறையின் பெயராகத்தான் இருக்கிறது. அதில் கேள்வி இல்லை. எந்தக் கவிதைகள், எந்த ஆண்டுகள், எதை அறிய விரும்புகிறீர்கள், இதுவரை எழுதியவர்கள் அதை ஏன் காணவில்லை என்ற நான்குக்கும் முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே விடை இருக்க வேண்டும். சார்லட் ஸ்மித் 1784-இல் தொடங்கி எழுதிய சானெட்டுகளில் கடலை நோக்கிப் பேசும் குரலும், வேர்ட்ஸ்வொர்த் 1807 தொகுப்பில் கடலைப் பார்த்துப் பேசும் குரலும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கேட்டால், அது கேள்வி. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை உறங்கவிடாத கவிதை எதுவோ அதிலிருந்து உங்கள் கேள்வி பிறக்கட்டும். பிறகு மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் (எம்எல்ஏ) என்ற அமைப்பின் நூலடைவில் அந்தப் படைப்புகளைப் பற்றி வெளிவந்த கட்டுரைகளைத் தேடிப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு வேறொருவர் முன்பே விடை சொல்லியிருந்தால், முன்மொழிவை அனுப்புவதற்கு முன்னால் அது தெரிந்துவிடுவது நல்லதே.

சுவடி எழுதியது:

நேற்று சிட்னியை மூடி வைத்துவிட்டு ஒரு தாள் எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. திரும்பப் படித்தபோதுதான், அந்தக் கட்டுரை நீதிமன்ற வாதத்தைப் போலப் படிப்படியாகக் கட்டப்பட்டிருப்பது தெரிந்தது. கவிதையின் மேல் சுமத்தப்படும் நான்கு குற்றச்சாட்டுகளைச் சிட்னி வரிசையாக எடுத்து மறுக்கிறார்: நேரத்தைச் செலவிட அதைவிடப் பயனுள்ள அறிவுகள் உண்டு என்பது முதலாவது; பொய்களின் தாய் என்பது இரண்டாவது; ஒழுக்கக் கேட்டை வளர்க்கிறது என்பது மூன்றாவது; பிளேட்டோ கவிஞர்களை விலக்கினார் என்பது நான்காவது. தோழி கேட்ட வரி இரண்டாவது குற்றச்சாட்டுக்கு மறுமொழி. இனி அது எனக்கு மறக்காது.

பழையமேசை ஐயா கீல்களைத் தேடச் சொன்னதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிட்னி எழுதுவதற்குச் சற்று முன்னால், 1579-இல், ஸ்டீபன் காஸன் கவிதையையும் நாடகத்தையும் தாக்கி ஒரு நூல் எழுதி, அதைச் சிட்னிக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். ஷெல்லி 1821-இல் கவிதைக்காக வாதாடி எழுதியதும், அவருடைய நண்பர் பீக்காக் முந்தைய ஆண்டில் கவிதையின் காலம் முடிந்தது என்று எழுதியதற்கு மறுமொழியாகத்தான். இரண்டு வாதங்களும் ஆசிரியர்கள் இறந்த பிறகே அச்சேறியிருக்கின்றன. ஒன்று 1595-இல், மற்றது 1840-இல். ஷெல்லியைத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். கவிஞன் பொய் சொல்வதில்லை என்ற சிட்னியின் வாதத்துக்கு இணையாக அங்கே ஏதாவது இருக்கிறதா, அல்லது ஷெல்லிக்கு அந்தக் குற்றச்சாட்டே பொருட்டாகப் படவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாளை எழுதி முடித்ததும் இங்கே பகிர்கிறேன்.